‘ரேக்கையே மாத்தணும் சார்’: மதுரையில் அப்பாவின் மாருதி 800

இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்த இந்தத் தடவை விமானம், சிம் கார்டு, வங்கி வேலை எல்லாம் நல்லபடியாக நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அப்பாவின் 1999 மாருதி 800 பற்றித்தான். பவர் ஸ்டியரிங் இல்லாத அந்த வண்டியைத்தான் அவர் இன்னும் ஓட்டுகிறார்.

உசிலம்பட்டியில் ஒரு விசேஷம். நான் ஓட்டினேன். செக்கானூரணி தாண்டியதும் வண்டி நேராகப் போக மறுத்தது. ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்திருந்தாலும் இடதும் வலதுமாக அலைந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், இடது முன்பக்கம் ‘கடக்’ என்று தட்டும். அந்தத் தட்டல் கை வரைக்கும் வரும். "பழைய வண்டிடா, அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா. இந்த வண்டியில்தான் அம்மாவைத் தினமும் கோவிலுக்குக் கூட்டிப்போகிறார் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஏசி அறை, காபி, குறையே இல்லை. ஒரு தம்பி வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ரேக்கையே மாத்தணும் சார்" என்றார். ரேக் என்றால் ஸ்டியரிங் சுற்றுவதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல் வைத்த தண்டு. ஜாக்கி போடவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. எந்த ஜாயிண்டில் ஆட்டம் என்று கேட்டேன். "எல்லாமே பழசு சார், மொத்தமா மாத்திட்டா நிம்மதி." ரேக், அதன் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் எண்ட், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்று எழுதி 14,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்.

இங்கிலாந்தில் மூன்று வயது ஆன கார் வருஷா வருஷம் எம்.ஓ.டி. சோதனைக்குப் போயாக வேண்டும். ஸ்டியரிங்கை அசைத்து, அடியில் ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்ப்பார்கள். எதில் குறை, எது இப்போதைக்குச் சரி ஆனால் கவனிக்க வேண்டும் என்று எழுதியே தருவார்கள். அதற்குப் பழகிய எனக்கு இந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் கோபம் வந்தது.

மாமாதான் வில்லாபுரத்துத் தகரக் கொட்டகைப் பட்டறைக்கு அனுப்பினார். அந்த அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். முதலில் டயரைத்தான் தடவிப் பார்த்தார். இடது டயரில் ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி கீறியது. "டோ போயிருக்கு தம்பி. ஆனா அலைன்மெண்ட் இப்ப பண்ணாதீங்க. ஆட்டத்தை எடுக்காம பண்ணினா காசுதான் தண்டம்." முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்பதுதான் டோ; அதைச் சரிசெய்வது அலைன்மெண்ட்.

அப்புறம் வண்டி நான்கு சக்கரமும் தரையில் நிற்க, என்னை ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை மட்டும் இப்படியும் அப்படியும் அசைக்கச் சொன்னார். அவர் அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் கை வைத்தார். ஸ்டியரிங் தண்டின் ஜாயிண்ட் சரி. வலது டை ராட் எண்ட் சரி. இடதில் கை வைத்ததும், "இங்க துள்ளுது" என்றார். என்னையும் கீழே இறங்கச் சொல்லி, என் விரலை அதன் மேல் வைக்க வைத்தார். அப்பா அசைத்தார். ராட் நகர்ந்த பிறகுதான் சக்கரத்தைத் திருப்பும் ஆர்ம் நகர்ந்தது. அந்த இடைவெளி விரலில் தெளிவாகத் தெரிந்தது.

அதோடு விடவில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லேசான அசைவு. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக்கில் அசைவு நின்றுபோனால் பேரிங் கோளாறு. நிற்கவில்லை என்றால் லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட். நிற்கவில்லை. கடைசியாக ரேக்கின் இடது முனையைப் பிடித்து மேலே தூக்கினார்; அது கூட்டுக்குள் ஆடியது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் வண்டியில், ரேக்கை நகர்த்தும் பல்சக்கரமான பினியன் வலப்பக்கம் இருக்கும். இடது முனையைத் தாங்குவது புஷ் என்னும் ஒரு சின்ன வளையம்தான். மேலே மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் அந்தப் புஷ்ஷைத் தின்றிருக்கிறது. ரேக்கின் பல்லில் ஒரு குறையும் இல்லை.

ஒரு புஷ், ஒரு பூட், ஒரு டை ராட் எண்ட். கூலியோடு சேர்த்து 2,600 ரூபாய். சாயங்காலமே காளவாசலில் அலைன்மெண்டும் முடிந்தது. வண்டி கோடு போட்டது போல ஓடியது.

ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்ததற்குத் தனியாக ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "பாக்கிறதுக்கு எதுக்கு தம்பி காசு?" என்று மறுத்துவிட்டார். நெகிழ்ச்சிதான். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில், கோளாறைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கே தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். இங்கே மாற்றிய சாமானுக்கும் அதை மாற்றிய கூலிக்கும் மட்டுமே காசு கொடுக்கிறோம். அப்படியிருக்க, பெரிய ஒர்க்‌ஷாப்பில் யார் ஒரு மணி நேரம் தரையில் படுத்துத் தேடுவார்கள்? மொத்தமாக மாற்றச் சொல்வதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அந்த அண்ணன் போன்றவர்கள் இந்த வேலையைக் காசில்லாமல் எத்தனை காலம் செய்வார்கள்?

இடது பால் ஜாயிண்ட் இப்போதைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் திரும்பக் காட்டுங்கள் என்றார். அப்பாவின் டைரியில் அதைத் தேதி போட்டு எழுதி, பட்டறை நம்பரையும் குறித்து வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் போன் செய்து அப்பாவை அனுப்ப வேண்டும்.