செம்பாறைச் சரிவில் ஒரு வாடகை ஜீப்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் மோவாப் சின்ன ஊர்தான் என்றாலும், அதன் முதன்மைச் சாலையில் நடந்தால் உணவகங்களுக்குச் சமமாக ஜீப் வாடகை நிலையங்களும் கண்ணில் படுகின்றன. விமான நிலையங்களில் கார் வாடகைக்குக் கொடுக்கும் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில், தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே வண்டி கொடுக்கும் உள்ளூர் நிலையங்களுக்கு அதனால்தான் இங்கே இவ்வளவு கிராக்கி. சென்ற அக்டோபரில் என் மைத்துனரும் நானும் அப்படியொரு நிலையத்தில் இரண்டு நாள்களுக்கு ஜீப் எடுத்தோம். வண்டியைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை; அதை எங்களிடம் ஒப்படைத்த முறையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்தது ரேங்ளர் ரூபிகான் வகை, நான்கு கதவு, தானியங்கி கியர். வாடகை நாளொன்றுக்கு 310 டாலர், வரி தனி. சேதம் ஏற்பட்டால் 3,000 டாலர் வரை எங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். முன்மேசையில் இருந்த இளைஞர் ஒன்பது இடங்களில் கையெழுத்துப் போட வைத்தார்; கண்ணாடியில் இருந்த சிறு கீறலைக்கூட விடாமல் படம் எடுத்தார்; எந்தெந்தப் பாதைகளில் வண்டியை ஓட்டக் கூடாது என்று ஒரு தாளை நீட்டினார். ஓட்டக்கூடிய பாதைகளில் எப்படி ஓட்டுவது என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் பாதையில் பகல் பயணம் போவதற்குக்கூட முன்கூட்டியே தனி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. இணையத்தில் 6 டாலர் கட்டி நாங்களே அதை வாங்கி வைத்திருந்தோம். வாங்காமல் வந்திருந்தால், வண்டி ஒன்றுக்கு 30 டாலர் என்ற பூங்கா நுழைவுக் கட்டணத்தைச் செலுத்திய பிறகும் அந்தப் பாதையில் எங்களால் ஓட்டியிருக்க முடியாது.

உண்மையான பாடம் கொல்லைப்புறத்தில் கிடைத்தது. வண்டியை எடுக்கப் போனபோது, அங்கே டயர் கழற்றிக்கொண்டிருந்த வயதான மெக்கானிக் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையில் இருந்த ஸ்பானராலேயே கியருக்கு அருகில் இருந்த சிறிய நெம்புகோலைத் தட்டிக் காட்டினார். ஒயிட் ரிம்முக்கு இறங்கும் ஷேஃபர் சரிவில் இறங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இந்த நெம்புகோலைத் தாழ்நிலை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிவிடுங்கள், முதல் கியரில் விட்டுவிடுங்கள், பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்காதீர்கள் என்றார். ரூபிகானில் இந்தத் தாழ்நிலையின் விகிதம் நான்குக்கு ஒன்று. அதாவது சக்கரம் வழக்கத்தில் நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுழலும், அதன் திருகுவிசையோ நான்கு மடங்காகும். இறக்கத்தில் வண்டி உருள முயன்றால் எஞ்சினே அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த மனிதர் பேசியது நான்கு நிமிடங்களுக்கு மேல் இருக்காது. நாங்கள் கொடுத்த 620 டாலரில் பாதி அந்த நான்கு நிமிடங்களுக்கே தகும்.

ஷேஃபர் பாதை தொடங்கும் இடம், மோவாபிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ‘ஐலண்ட் இன் தி ஸ்கை’ என்று அழைக்கப்படும் மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் ஆழத்துக்கு, மணற்கல் சுவரை ஒட்டி, ஊசிக்கொண்டை வளைவுகளாக மண்பாதை இறங்குகிறது. ஒரு காலத்தில் தொல்குடியினர் நடந்த தடம் அது. பிறகு பண்ணைக்காரர்கள் அதன் வழியே மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டினார்கள். 1950களில் யுரேனிய வேட்டை சூடுபிடித்தபோது லாரி போகும் அளவுக்கு அகலமாக்கினார்கள். பூங்கா அறிவிக்கப்பட்டது 1964இல்தான். ஆக, இன்று நாம் உல்லாசமாக ஓட்டும் பாதை, அணுகுண்டுக்கு மூலப்பொருள் தேடியவர்கள் விட்டுப்போன பாதை.

இரண்டாவது வளைவில், எங்களுக்கு முன்னால் போன கார் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. நகரச் சாலைக்கென்றே செய்யப்பட்ட பளபளப்பான வண்டி. நான்கு சக்கர இயக்கம் இருந்தது, தாழ்நிலை கியர் இல்லை. ஜன்னலைத் திறந்ததும் கருகிய ரப்பரும் சூடேறிய இரும்பும் கலந்த நெடி முகத்தில் அடித்தது. அதன் ஓட்டுநர் பிரேக் ஆறட்டும் என்று பாறை மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜீப்போ மனிதர் நடக்கும் வேகத்தில், முனகிக்கொண்டே, பிரேக்கில் கால் வைக்காமலேயே அவரைக் கடந்து இறங்கியது. எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதால் இரண்டு முறை சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. இடப்பக்கம் ஒரு முழ இடைவெளியில் செம்பாறை. வலப்பக்கம் மைத்துனர் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே வானம். ஒதுங்கி நின்ற இரண்டு முறையும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கீழே இறங்கியதும் ஒயிட் ரிம் தொடங்குகிறது. மேட்டுநிலத்துக்கு வெகு கீழே, வெளிறிய மணற்கல் ஒரு திண்ணைபோல நீண்டு கிடக்கிறது. அதன் விளிம்புக்கு அப்பால், இன்னும் 300 மீட்டர் கீழே ஆறு ஓடுகிறது. இந்தத் திண்ணையின் மேல் 160 கிலோமீட்டர் சுற்றிவரும் பாதையை முழுதாக முடிக்க இரண்டு அல்லது மூன்று நாள் தேவை. வழியில் குடிநீரோ எரிபொருளோ கிடையாது. நாங்கள் சில மைல் மட்டும் போய் முசல்மன் வளைவைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பொட்டாஷ் பாதை வழியாக வெளியேறினோம்.

நிலையத்தின் மீதான என் முதல் குறை இங்கேதான் எழுந்தது. துணி துவைக்கும் பலகையைப்போல வரிவரியாக மேடுபள்ளமான தரையில், தார்ச்சாலைக்கான 36 பிஎஸ்ஐ காற்றோடு ஓட்டினால் பல் கிட்டித்துப்போகும். காற்றை 20க்குப் பக்கத்தில் குறைத்தால் டயர் அகன்று தரையைக் கவ்வும், குலுக்கலும் பாதியாகும். வண்டியில் இருந்த கருவிப்பெட்டியில் காற்றழுத்தமானி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் முள், டயரில் செருகினாலும் செருகாவிட்டாலும், 20இலேயே நின்றது. காற்றடிக்கும் கம்ப்ரசரோ பெட்டியில் இல்லவே இல்லை. அளவு தெரியாமல் காற்றை இறக்கிவிட்டு, திரும்ப அடிக்கவும் வழியில்லாமல் நெடுஞ்சாலையில் ஏறத் துணிவில்லாததால் அப்படியே ஓட்டினோம். வறண்ட ஓடை ஒன்றைக் கடக்கையில் பின்சக்கரங்கள் மாவுபோன்ற மணலில் அரையடி புதைந்தன. தாழ்நிலை கியரில் வந்த தடத்திலேயே பின்வாங்கி, கொஞ்சம் கல் பரப்பி மீண்டோம். இருபது நிமிடம் போனது. செல்பேசித் தொடர்பு அறவே இல்லாத இடம் அது. பூங்காவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டியை மீட்டு இழுத்து வர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்பதையும் நினைத்துப்பார்த்தால், ஒழுங்கான ஒரு காற்றழுத்தமானி எவ்வளவு மலிவு என்பது புரியும்.

மற்றொரு குறை அந்தத் தாளைப் பற்றியது. வண்டிக்கு நாம் என்னென்ன சேதம் விளைவிக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதியவர்கள், நிலத்துக்கு விளைவிக்கும் சேதத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பாதையோரத்தில் கருத்துப் பொருக்குத்தட்டிக் கிடக்கும் மண்ணைப் பலர் வெறும் காய்ந்த சேறு என்றே நினைக்கிறார்கள். அது உயிருள்ளது, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகள் இழைகளால் மணலைக் கட்டிப்பிடித்து உருவாக்கும் மேல்தோல் அது. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் காப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் சேர்ப்பதும் அதன் வேலை. ஒரு டயர்த் தடம் பதிந்தால் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எதிர்வண்டிக்கு வழிவிட எங்கே ஒதுங்கலாம், எங்கே ஒதுங்கவே கூடாது என்பதை முதன்முறை வருபவருக்கு வாடகை நிலையம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

பொட்டாஷ் பாதையின் முடிவில், செம்மண்ணுக்கு நடுவே அடர்நீலக் குளங்கள் தென்படும். நிலத்தடியிலிருந்து கரைத்தெடுத்த பொட்டாஷ் உப்புநீரை வெயிலில் காயவைக்கும் குளங்கள் அவை. வெப்பத்தை நன்றாக ஈர்த்துச் சீக்கிரம் ஆவியாக வேண்டும் என்று சாயம் கலக்கிறார்கள். மைத்துனர் அன்று எடுத்த படங்களில் பாதி இந்தக் குளங்கள்தான்.

இரண்டாம் நாள் ஜீப்புக்கு ஓய்வு, எங்களுக்கு இல்லை. முந்தைய நாள் சக்கரத்தில் இறங்கிய அதே திண்ணைக்குக் காலால் இறங்க, கூஸ்பெர்ரி தடத்தைத் தேர்ந்தெடுத்தோம். போய்வர 8.7 கிலோமீட்டர்தான்; ஆனால் விங்கேட் மணற்கல் சுவரின் இடுக்கு வழியாகக் கற்குவியல்களில் காலூன்றி இறங்கும் செங்குத்தான தடம் அது. நிழல் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போனோம். இத்தனைக்கும் வெயில் தணிந்த அக்டோபர். இறங்க எடுத்த நேரத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு ஏறுவதற்கு ஆனது. நீட்டிய கட்டைவிரல் நுனியால் மறைக்கக்கூடிய அளவுக்குக் கீழே ஒரு ஜீப் ஊர்ந்து போவதைப் பார்த்தபோது, நேற்று நாம் இருந்த இடம் எவ்வளவு பெரியது என்று உறைத்தது. ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தவரை அது தெரியவே இல்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த நடைத்தடம் தொடங்கும் இடம் வரை நல்ல தார்ச்சாலை போகிறது, எந்தக் காரும் வந்துவிடும். 310 டாலர் ஜீப் அன்று முழுவதும் வாகன நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது. திட்டத்தைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் வாடகையே போதும் என்று நிலையத்தில் ஒருவர் சொல்லியிருக்கலாம். சொல்லாததை வியாபாரம் என்று விட்டுவிடுகிறேன்.

திருப்பிக் கொடுத்தபோது அதே இளைஞர், சக்கரம் பொருத்திய பலகையில் மல்லாந்து படுத்து, விளக்கோடு வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் ஆராய்ந்தார். சேதம் இல்லை. ஆனால், செம்மண்ணைக் கழுவுவதற்கு 75 டாலர் என்று ரசீதில் புதிதாக ஒரு வரி முளைத்தது. செம்மண் பாதையில் ஓட்டத்தானே வண்டி கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். இருந்தது.

வண்டிக்கு ஐந்துக்கு ஐந்து, முன்மேசைக்கு இரண்டு. மறுபடியும் அங்கேயே எடுப்பேன், ஒரு நாளுக்கு மட்டும்; நல்ல காற்றழுத்தமானியும் சிறிய கம்ப்ரசரும் என் பையிலேயே இருக்கும். முன்மேசையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கொல்லைப்புறத்துக்குப் போய், அந்த மெக்கானிக் வேலைக்கு வந்திருக்கிறாரா என்று முதலில் பார்ப்பேன்.