மாணவர் விசா: ஜெர்மனியா, பிரிட்டனா? பணத்தைக் காட்டும் முறைதான் முடிவு செய்யும்

முதுநிலைப் படிப்புக்கு இரண்டு நாடுகளிலும் எனக்கு இடம் கிடைத்தது, ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு என் தங்கை பிரிட்டனுக்கு விண்ணப்பித்தபோது அவளுடைய ஆவணங்களை உடனிருந்து தயார் செய்தேன். ஆகவே ஜெர்மனி நான் நடந்து வந்த வழி. பிரிட்டன் பக்கத்திலிருந்து பார்த்த வழி. என் சாய்வு ஜெர்மனிப் பக்கம்தான்.

எல்லோரும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பிரிட்டனில் கட்டணம் கனமானது. ஆனால் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்துவிடும். படித்த பிறகு வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தருகிறது. பிரிட்டன் இப்போது இரண்டு ஆண்டு தருகிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்களைத் தவிர, அங்கும் 18 மாதம்தான்.

இவற்றையெல்லாம் விட விசாவின் தலையெழுத்தை நிர்ணயிப்பது வேறொன்று: செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதை எப்படி நிரூபிக்கிறோம் என்பது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் விண்ணப்பங்களும் இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறோம். வங்கிக் கணக்கைக் கடைசி மாதத்தில்தான் திறந்து பார்க்கிறோம்.

ஜெர்மனி இதற்கு பிளாக்டு அக்கவுண்ட் (முடக்கப்பட்ட கணக்கு) என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. மாணவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை அதில் போட்டுவிட வேண்டும். 2023-இல் இது 11,208 யூரோவாக இருந்தது, அவ்வப்போது உயரும். பணம் வந்து சேர்ந்ததும் கணக்கை நடத்தும் நிறுவனம் ஓர் உறுதிச் சான்று தரும். விசா விண்ணப்பத்தில் பணம் பற்றிய பகுதி அநேகமாக அந்த ஒரு தாளோடு முடிந்துவிடுகிறது. பணம் இதற்குமுன் எந்தக் கணக்கில் எத்தனை நாள் இருந்தது என்ற ஆராய்ச்சிக்கு அங்கே வேலையில்லை. கல்விக் கடனாகவும் இருக்கலாம், பெற்றோர் சேமிப்பாகவும் இருக்கலாம். கணக்கை நடத்தும் நிறுவனம் பணம் வந்த வழியைக் கேட்கக்கூடும். அதற்கான கடிதத்தைக் கையில் வைத்திருந்தால் போதும்.

எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் இதன் பின்பாதி. ஜெர்மனிக்கு வந்து உள்ளூர் வங்கிக் கணக்கு தொடங்கியதும் மாதம் 992 யூரோ அதற்கு வரத் தொடங்குகிறது. விசாவுக்காகக் காட்டிய பணமே வாடகையாகவும் சாப்பாடாகவும் மாறுகிறது. புது ஊரின் முதல் மாதங்களில், வேலை கிடைக்குமா என்ற பதற்றமில்லாமல் வகுப்புக்குப் போக முடிந்தது இதனால்தான். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டிக் கட்டணம் போக மீதியைத் திரும்பப் பெறலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இரண்டாண்டுப் படிப்பென்றால், வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது மீண்டும் பணத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்ய அனுமதி இருப்பதால் அதற்கு வழி உண்டு.

பிரிட்டன் பணத்தை முடக்கச் சொல்வதில்லை. அது நல்லதுபோலத் தோன்றும். ஆனால் நிபந்தனை நுணுக்கமானது. செலுத்த வேண்டிய முதலாண்டுக் கட்டணப் பாக்கியோடு, அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனில் மாதத்துக்கு 1,529 பவுண்டு, மற்ற இடங்களில் 1,171 பவுண்டு. இந்த மொத்தத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்தாக வேண்டும்; அந்த 28-ஆவது நாள், விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் மறுப்புக்கு அது போதும். பணம் வேறு நாணயத்தில் இருந்தால் விண்ணப்ப நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள்; எனவே கணிசமாகக் கூடுதலாக வைத்திருப்பதே பாதுகாப்பு. தங்கைக்கு அப்பாவின் கணக்கைக் காட்டினோம். பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் சம்மதக் கடிதமும் இணைத்தோம். அந்த நாட்கள் முழுவதும் கணக்கிலிருந்து எந்தத் தவணையும் போகாதபடி எல்லாவற்றையும் அப்பா வேறு கணக்குக்கு மாற்றிவிட்டார். ஒரு மாணவியின் விசாவுக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சில நாட்டு மாணவர்கள் இந்த ஆவணங்களை முன்கூட்டியே இணைக்கத் தேவையில்லை. ஆனால் கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் தயாராக வைத்திருப்பதில் சலுகையில்லை.

இதற்கு மேல் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணத்தை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வரும். விண்ணப்பக் கட்டணம் வராது.

ஆனாலும் பிரிட்டன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: வேகம். நாட்டுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு தெரிந்துவிடுகிறது. மறுத்தால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வு கேட்கலாம். ஜெர்மனியில் தூதரகத்துக்கு இலவசமாக மேல்முறையீடு எழுதும் வசதி 2025 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்தியா, சீனா, வியட்நாம் மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரப்படுவது) என்ற கூடுதல் படியும் உண்டு. எனக்கு எல்லாம் சுமுகமாகவே நடந்தது. மறுப்புக்குப் பிந்தைய வழிகள் நடைமுறையில் எப்படி என்பதில் என் அனுபவம் உதவாது.

படிப்பு தொடங்க இரண்டு மாதமே இருக்கிறது, இரண்டு நாட்டிலும் இடம் கிடைத்திருக்கிறது என்றால், கட்டணம் கட்டுப்படியாகும் பட்சத்தில் பிரிட்டனைத்தான் பரிந்துரைப்பேன். ஜெர்மனிதான் என்று முடிவெடுத்தால், சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே ஏபிஎஸ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். விசா தாமதமானால் சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்பதையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.