"காலி பண்ண வேண்டாம் சார்" என்று சொல்லும் கான்ட்ராக்டரிடம் உஷார்

"நீங்க வீட்டைக் காலி பண்ணவே வேண்டாம் சார், ஒவ்வொரு ரூமா முடிச்சுக் குடுத்துடுறோம்." பெரிய ரெனோவேஷனுக்குப் பேசும்போது யாராவது இப்படிச் சொன்னால், அதை அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்களிடம் இதைச் சொன்னவர், அட்வான்ஸ் கைக்குப் போன வாரமே இரண்டு பாத்ரூமையும் சமையலறைத் தரையையும் ஒரே மூச்சில் உடைத்துப் போட்டார். கேட்டால், உடைக்கிற ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட முடியாதாம்.

உண்மைக் காரணம் பிறகு தெரிந்தது. பாதி உடைத்த வேலையை இன்னொரு மேஸ்திரி லேசில் தொடமாட்டார். உள்ளே குடியிருப்பவனால் பணத்தைப் பிடித்து வைக்கவும் முடியாது. "அடுத்த பேமென்ட் போட்டாத்தான் ஆள் வருவாங்க" என்று போனில் சொல்கிறவரிடம், குளிக்க இடமில்லாதவன் என்ன பேரம் பேசுவான்?

தூசியை எப்படிச் சொல்வது! டைல்ஸை வெளியே வைத்து, தண்ணீர் விட்டு அறுப்பதாகப் பேச்சு. நடந்தது ஹாலில், உலர அறுப்பு. தடுப்பு என்று ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதுவும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. டைல்ஸிலும் சிமெண்டிலும் சிலிகா உண்டு, மணலில் இருக்கும் அதே கனிமம். கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துடைத்துவிடலாம். சில மைக்ரான் அளவே உள்ளது நுரையீரலின் அடிவரை போகும். காலம் முழுக்க அதைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் குணமில்லை. அறுத்த பையன் மூக்கில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. அவனுக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம். பழைய வீடு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உரசி எடுக்கும் நாட்களில் குழந்தைகளை வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

பெரிய ஏமாற்று பாத்ரூமில். எங்களுக்கு அவசரம் என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. வாட்டர் ப்ரூஃபிங் பூசியதும், கொட்டேஷனில் அவரே எழுதியிருந்த தண்ணீர் டெஸ்டைச் செய்யாமல் மறுநாள் காலையில் டைல்ஸ் ஒட்டிவிட்டார். பூச்சு காய்ந்தபின் தண்ணீர் போகும் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். மட்டம் இறங்குகிறதா, கீழே, பக்கத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். இப்போது பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. "அது பழைய சுவரோட ஈரம் சார்" என்கிறார். சுவர் பழையது, சரி. ஈரம் புதுசு.

காலி செய்ய வழியே இல்லை என்பவர்கள் ஒப்பந்தத்தில் இதை எழுதுங்கள்: ஒரு பாத்ரூம் முடிந்து, டெஸ்டும் ஆன பிறகே அடுத்ததில் சுத்தியல் விழலாம். பணமும் நாள் கணக்கில் வேண்டாம், முடித்த வேலைக்கு மட்டும். கடைசித் தவணை, அவர் விட்டுப்போனால் வலிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

இன்னொன்று. சுவரை மூடுவதற்கு முன் பைப்பும் வயரும் போகிற பாதையை, அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து நீங்களே போட்டோ எடுத்துவிடுங்கள். எங்களுக்குத் தருவதாகச் சொன்ன வரைபடம் இன்றுவரை வரவில்லை. ஒரு ஷெல்ஃப் மாட்ட டிரில்லர் பிடிக்கவே பயமாக இருக்கிறது.