துணி டயப்பருக்குள் எந்த லைனர்: தூக்கிப் போடுவதா, துவைப்பதா?

லைனர் என்பது மலம் துணியில் ஒட்டாமலிருக்க டயப்பருக்குள் விரிக்கும் மெல்லிய விரிப்பு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு வகையுமே பெரிதாகத் தேவைப்படாது. அந்தக் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். சுமார் 6 மாதத்தில் திட உணவு தொடங்கிய பிறகுதான் லைனர் யோசனையே வரும்.

ஒருமுறை பயன்படுத்தும் லைனர் மெல்லிய தாள் மாதிரி. மலத்தோடு அப்படியே எடுத்துவிடலாம் என்பதால் டயப்பரைத் தேய்க்கும் வேலை குறையும். சிறுநீரை அது தேக்கி வைக்காது, அது துணியின் வேலை. துறுதுறுவென்று புரளும் குழந்தையாக இருந்தால் லைனர் கயிறாகச் சுருண்டு ஓரமாகப் போய்விடும். மலம் மட்டும் சரியாகத் துணியில் இருக்கும்! கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். மலத்தை மட்டும் கழிப்பறையில் தட்டிவிட்டு லைனரைக் குப்பையில் போடுங்கள்.

ஃப்ளீஸ் லைனர் பாலியெஸ்டர் துணி. ஈரத்தைக் கீழே இறக்கிவிடுவதால் குழந்தையின் தோலில் படும் பக்கம் ஓரளவு உலர்வாகவே இருக்கும். பழைய ஃப்ளீஸ் போர்வையை வெட்டிக்கொண்டாலே போதும். நூல் பிரியாது, ஓரம் தைக்க வேண்டாம். ஆனால் உதறுவதும் அலசுவதும் நம் தலையில்தான்.

ஒரு விஷயத்தில் தாள் லைனர்தான் கெட்டி. துத்தநாக ஆக்சைடு கலந்த கெட்டியான கிரீம் துணியில் படிந்தால் உறிஞ்சும் திறன் குறையும். தடிப்புக்குக் கிரீம் போடும் நாட்களிலும் பயணத்திலும் தாள் லைனர், மற்றபடி வீட்டில் ஃப்ளீஸ் என்பது என் கட்சி.