பரையா (2011): வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

அலீக்கேவுக்கு வயது 17. நியூயார்க்கின் புரூக்ளினில், ஃபோர்ட் கிரீன் பகுதியில் வீடு. அப்பா ஆர்தர் காவல்துறையில் துப்பறிவாளர். அம்மா ஆட்ரி தேவாலயமே கதி என்று இருப்பவர். ஒரு தங்கை, ஷரோண்டா. தான் லெஸ்பியன் என்பதில் அலீக்கேவுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. டீ ரீஸ் எழுதி இயக்கிய இந்தப் படத்தின் முதல் பலமே அதுதான். இந்த வகைக் கதைகளில் பாதி நேரம் ‘நான் யார்’ என்ற தவிப்பிலேயே கழிந்துவிடும். இங்கே அந்தக் கேள்வி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வீட்டார் தங்களுக்குத் தெரிந்ததை எத்தனை நாளைக்குத் தெரியாததுபோல் வைத்திருப்பார்கள் என்பதுதான் மிச்சப் படம். (தலைப்பில் இருப்பது தமிழ் மண்ணின் சாதிப்பெயர் ஒன்றிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் வருகிறது.)

தொடக்கத்தில் ஒரு பேருந்துக் காட்சி. தோழி லாராவுடன் கிளப்புக்குப் போய்விட்டு இரவில் திரும்புகிறாள் அலீக்கே. தனியானதும் தொப்பியைக் கழற்றுகிறாள், தொளதொள சட்டையைக் கழற்றுகிறாள், கம்மலை மாட்டிக்கொள்கிறாள். வீட்டுக்குள் நுழையும்போது அம்மாவுக்குப் பிடித்த மகளாக இருக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறையில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. யாரும் எதையும் விளக்குவதில்லை. படம் முழுக்க அவள் என்ன உடுத்துகிறாள், அதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வந்தால் திரைக்கதையின் கட்டுமானம் பிடிபட்டுவிடும். அம்மா வாங்கிவரும் ‘பொம்பளப் பிள்ளை’ உடைகள் அவளுக்கு ஒட்டவில்லை. லாராவின் முரட்டுத் தோரணையும் அவளுக்கு முழுதாகப் பொருந்தவில்லை. கிளப்பில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, அவள் சங்கடத்தோடு ஒதுங்கி நிற்பதைப் பாருங்கள். கவிதை எழுதும், கூச்ச சுபாவமுள்ள பெண் அவள். லெஸ்பியன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுடைய கூட்டமும் ஓர் அச்சு வைத்திருக்கிறது என்பதை ரீஸ் ஒளிக்காமல் காட்டியிருக்கிறார்.

ஆட்ரியின் பாத்திரம்தான் படத்தின் உச்சம். நகைச்சுவைக்குப் பெயர்போன கிம் வேயன்ஸ், இதில் ஒரு கணம்கூடச் சிரிப்புக்கு இடம் தரவில்லை. கொடுமைக்கார அம்மாவாக மட்டும் எழுதியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் கணவன் விலகிக்கொண்டே போவதை உணர்ந்தவர் இந்த ஆட்ரி. வேலையிடத்திலும் அவருக்குத் தோழமை வாய்க்கவில்லை. மகளின் உடையைத் திருத்துவது ஒன்றுதான் அவர் கைக்குள் மிஞ்சியிருக்கும் அதிகாரம். அதனால் அதை அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறார். லாராவின் சகவாசத்தைத் துண்டிக்க, தேவாலயம் போகும் நல்ல குடும்பத்துப் பெண் என்று பீனாவை அவரே மகளுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். அலீக்கேவின் முதல் காதலும் முதல் ஏமாற்றமும் அந்தப் பீனாவிடமிருந்தே வருகின்றன. கதையைத் திருப்புவது அம்மாவின் முடிவு. வெளியிலிருந்து எந்தத் தற்செயலும் வந்து குதிக்கவில்லை. திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய முடிச்சு இது.

ஆர்தர் வேறு மாதிரி. மகள்மேல் பாசம் கொட்டுகிறவர், ஆனால் கேட்கவே மாட்டார். கேட்டால் பதில் வரும் என்ற பயம். தனக்கும் வெளியே சொல்ல முடியாத விவகாரங்கள் இருப்பதால், ‘உன் பொய்யை நான் தோண்டமாட்டேன், என் பொய்யை நீ தோண்டாதே’ என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே எழுதாத ஒப்பந்தமாக ஓடுகிறது. சார்லஸ் பார்னெல் இதைப் பெரும்பாலும் கண்களைத் தாழ்த்தியும் பேச்சை மாற்றியுமே நடித்துவிடுகிறார். இந்த வீட்டில் நேர்மையாக நடந்துகொள்வது தங்கை மட்டும்தான். பெற்றோர் கத்திச் சண்டை போடும் இரவில் அக்காவின் படுக்கைக்கு வந்து, அக்கா லெஸ்பியன் என்பது தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிடுகிறாள். சில நொடிகளில் முடியும் காட்சி. படத்தில் இதற்கு இணையாக எனக்குப் பிடித்தது இன்னொன்று இல்லை.

ஒளிப்பதிவு பிராட்ஃபோர்ட் யங். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில், 2011-இல், அமெரிக்கக் கதைப்படப் பிரிவின் ஒளிப்பதிவு விருது இதற்காகத்தான் அவருக்குக் கிடைத்தது. அலீக்கே பச்சோந்தியைப்போலச் சுற்றியிருக்கும் நிறத்தையே பூசிக்கொள்கிறாள். கிளப்பில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக, வீட்டில் மங்கலான விளக்கு நிறமாக. அவள் முகத்தில் கலப்படமில்லாத பகல் வெளிச்சம் விழ, கதையின் கடைசிப் பகுதிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கறுப்புத் தோலைப் படமெடுக்க வெளிச்சத்தைக் கொட்டி முகத்தைத் தட்டையாக்குவது பழைய பழக்கம். யங் அதைச் செய்யவில்லை. நிற வெளிச்சத்தைக் கன்னத்தில் மினுங்கவிட்டு, மீதி முகத்தை இருளுக்கே விட்டுவிடுகிறார். கேமரா பெரும்பாலும் கையில், முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பின்புலம் மங்கிக் கிடக்கிறது. அந்த நெருக்கத்தில் அவளுக்கு மூச்சுவிட இடமில்லை என்பது நமக்கே உறைக்கும். ஆனால் கையடக்கக் கேமராவின் ஆட்டம் சில உரையாடல்களில் தேவைக்கு மேல் போகிறது.

அலீக்கேவாக நடித்திருக்கும் அடெபேரோ ஒடூயே, இதே பாத்திரத்தை 2007-இல் வந்த குறும்படத்திலும் செய்தவர். முழுநீளப் படத்தின்போது முப்பதைக் கடந்துவிட்டார். திரையில் ஓர் இடத்திலும் அது தெரியவில்லை. தோளைச் சற்றே குறுக்கி நடப்பதிலேயே பதினேழு வயது வந்துவிடுகிறது. லாராவாக வரும் பெர்னல் வாக்கருக்குத் தனியாக ஒரு பாராட்டு. தாயால் துரத்தப்பட்டு அக்காவுடன் வசிக்கும் லாரா, விட்டுப்போன பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வில் தேறியதும் அம்மாவிடம் சொல்லப் போகிறாள். அந்த வாசலில் நடப்பதைப் பார்த்துவிட்டால், அலீக்கே தன் வீட்டில் உண்மையைச் சொல்ல ஏன் அத்தனை தயங்குகிறாள் என்று கேட்கத் தோன்றாது.

உண்மை வெடிக்கும் சண்டைக் காட்சி பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: தாய் மகளை அடிக்கிறார், கடுமையாக. வீட்டில் இதே அனுபவம் உள்ளவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்காமல் இருப்பது நல்லது. தான் லெஸ்பியன் என்பதை மகள் மறுத்துவிட மாட்டாளா என்று அப்பா தவிப்பது, விழுகிற அடியைவிட அதிகமாக வலித்தது.

குறைகளும் உண்டு. ஆர்தரின் வெளித்தொடர்பு குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அதற்கு இன்னொரு காட்சி வேண்டும். பீனாவின் மனமாற்றம் ஒரே இரவில் நடந்துவிடுவதால் அவள் கதையின் கருவியாகச் சுருங்குகிறாள். ‘இன்னும் ஆழமாக எழுது’ என்று தூண்டும் ஆசிரியைக்கும் அதே கதி. இறுதியில் அலீக்கே வாசிக்கும் கவிதை நல்ல கவிதைதான், ஆனால் அதுவரை முகங்களும் வெளிச்சமும் சொல்லிவிட்டதை அது மறுபடி வார்த்தையில் சொல்கிறது.

பார்க்கப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஓடும் நேரம் 86 நிமிடம். அமெரிக்காவில் ‘ஆர்’ தரச்சான்று, அதாவது 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். கொச்சை மொழியும் பாலியல் பேச்சும் தாராளம், முதல் காட்சியே கிளப்பில்தான். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க நினைத்தால், பெரியவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள். புரூக்ளின் இளைஞர்களின் பேச்சு வேகமானது, வசனவரிகளை இயக்கிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் நிறங்களைத் தூக்கலாகக் காட்டும் ‘விவிட்’ அமைப்பில் வைத்தால் யங்கின் நிறங்கள் அத்தனையும் கெட்டுவிடும். ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றி, அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்தி, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் பார்த்தால் பாதிக் காட்சிகள் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். குறும்படம் கிடைத்தால் அதைப் பிறகு பாருங்கள். 27 நிமிடக் கதையை முழுநீளமாக்கும்போது ரீஸ் எங்கே விரித்தார் என்று தேடினால் ஆட்ரியிடம்தான் வந்து நிற்பீர்கள்.