ஆபீஸ் பிபிஎக்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் கார்டு வாங்குபவர்களே, ஜாக்கிரதை!

38,000 போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்னொருவர் இதில் மாட்டக்கூடாது என்பதற்காக இப்போதே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் பிபிஎக்ஸில் (ஆபீஸ் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) எக்ஸ்டென்ஷன்கள், அதாவது உள் போன் லைன்கள், நிரம்பிவிட்டன. அந்தப் பெட்டியில் (கேபினட்) கார்டு செருகும் ஸ்லாட் காலியாக இருந்ததால், 16 லைன் தரும் 16 போர்ட் கார்டு ஒன்றைச் சேர்க்க முடிவெடுத்தோம். பழைய டெலிகாம் சாமான்களைச் சரிபார்த்து விற்பதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் கடை, பொருத்தியும் தருவார்களாம். போனில் பேசியவர் கேட்ட முதல் கேள்வியே கேபினட் மாடல் என்ன என்பதுதான். அடுத்து ஃபர்ம்வேர் (பிபிஎக்ஸுக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு, எந்த ஸ்லாட்டில் என்ன கார்டு இருக்கிறது, பவர் சப்ளை எந்த அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். விஷயம் தெரிந்தவர்தானே இப்படிக் கேட்பார்? கார்டின் போட்டோவையும் அனுப்பி, "சார், உங்க கேபினட்ல அப்படியே உட்காரும், நான் கேரண்டி" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் 38,000 மொத்தத்தையும் முன்கூட்டியே அனுப்பினோம்.

பொருத்த வந்த பையன் சிஸ்டத்தை ஆஃப் செய்யவே இல்லை. ஸ்டாட்டிக் மின்சாரம் கார்டைக் கெடுக்காமல் இருக்கக் கையில் கட்டும் எர்த் பட்டையும் கிடையாது. "ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்றதற்கு, "ஓடும்போதே போடலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே கார்டைத் தள்ளினான். பாதியில் இறுகியது. விடாமல் அழுத்தினான். ஆபீஸில் அத்தனை போனும் செத்தது. ரீஸ்டார்ட் செய்ததும் பழைய லைன்கள் வந்தன, புது கார்டில் ஒரு போர்ட்டிலும் டயல் டோன் இல்லை.

கேட்டால் ஃபர்ம்வேர் பழசு என்றார்கள். அப்புறம் லைசன்ஸ் கீ தனியாக வாங்கணும் என்றார்கள். அப்புறம் உங்கள் பவர் சப்ளை தாங்கவில்லை என்றார்கள். அந்த விவரத்தையெல்லாம் கேட்டு வாங்கிவிட்டுத்தானே கேரண்டி கொடுத்தீர்கள்! கடைசியில், "பொருத்தின கார்டுக்கு ரிட்டர்ன் இல்லை". இப்போது போனையே எடுப்பதில்லை.

வேறொரு டெக்னீஷியன் கார்டைக் கழற்றிப் பார்த்தார். அதே கம்பெனிதான், ஆனால் வேறு சீரிஸ் கேபினட்டின் கார்டு. கனெக்டரே பொருந்தாது. அழுத்திய அழுத்தில் ஸ்லாட்டின் பின்களும் வளைந்து கிடக்கின்றன. கார்டும் போச்சு, ஸ்லாட்டும் போச்சு, 38,000 பணமும் போச்சு.

வாங்கப் போகிறவர்கள் கார்டின் பார்ட் நம்பரை எழுத்தில் வாங்கி, உங்கள் மாடலின் இன்ஸ்டலேஷன் மேனுவலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போதே மாற்றலாம் என்று மேனுவலே சொன்னால் ஒழிய, பவரையும் பேட்டரி பேக்கப்பையும் அணைக்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அதற்கு முன் பிபிஎக்ஸின் புரோகிராமிங்கை (அதில் போட்டிருக்கும் செட்டிங்குகளை) பேக்கப் எடுத்துவிடுங்கள். எல்லா போர்ட்டிலும் டயல் டோன் கேட்கும்வரை முழுப் பணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.