ட்ரிகர் வேலைக்கு ரைஃபிளைக் கொடுக்கும் முன்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் லைசென்ஸோடு .22 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த ரைஃபிள் திரும்பி வந்தபோது ட்ரிகர் கரகரவென்று இழுத்தது. பழுதுபார்க்க உரிமம் உள்ள ஒரு கடையில்தான் கொடுத்தேன். “கவலைப்படாதிய அண்ணாச்சி, புது ஸ்பிரிங் போட்டு பூ மாதிரி ஆக்கித் தாரேன்” என்றார். பில்லிலும் புது ஸ்பிரிங்குக்குக் காசு போட்டிருந்தார்.

ட்ரிகர் லேசாகத்தான் ஆகியிருந்தது. ரேஞ்சுக்குப் போனதும் வண்டவாளம் தெரிந்தது. முதலில் சில தோட்டாக்கள் வெடிக்கவே இல்லை. இதில் போடும் ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கும். ஃபயரிங் பின் அதை ஓங்கி நசுக்கினால்தான் பற்றும். இதில் லேசான தடம் மட்டும் விழுந்திருந்தது. அப்புறம் இன்னொன்றைப் போட்டு போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் அடைக்கும் பாகம்) மூடினேன். ட்ரிகரில் விரலே இல்லை, வெடித்துவிட்டது! குழல் மண்மேட்டைப் பார்த்து இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து லேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றார்கள். நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

வேறொரு உரிமம் பெற்ற மெக்கானிக் பிரித்துக் காட்டினார். புது ஸ்பிரிங் என்றது பழைய ஸ்பிரிங்கேதான். ஒரு முனை கம்பெனியில் தேய்த்த தட்டை, மறுமுனை கட்டிங் பிளேயரில் நறுக்கிய கூர்க்கம்பி. ஃபயரிங் பின்னை முன்னே தள்ளி அடிக்கவைக்கும் இந்த ஸ்பிரிங்கின் வலு குறைந்தால் ட்ரிகர் லேசாகும், அடியும் பலவீனமாகும். அது போதாதென்று, ஃபயரிங் பின்னோடு முன்னே பாயும் ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் சியரின் விளிம்பையும் கிரைண்டரில் கொடுத்திருக்கிறார்கள். கோடு கோடாகத் தெரிந்தது. மேலே கடினமாக்கியிருந்த படலம் போய், மெத்தென்ற இரும்பு வெளியே வந்துவிட்டது. போல்ட்டைச் சற்று வேகமாக மூடினாலே பிடி நழுவும். இத்தனைக்கும் கரகரப்புக்குக் காரணம் உள்ளே காய்ந்துபோன எண்ணெய். துடைத்தாலே தீர்ந்திருக்கும்.

முதல் கடைக்காரரிடம் கேட்டதற்கு, “லேசா வேணும்னு நீங்கதான கேட்டிய” என்கிறார். பணமும் திரும்பவில்லை.

வேலைக்கு முன்னும் பின்னும் ட்ரிகரை இழுக்க ஆகும் எடையைத் தராசு வைத்து அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டைப் பலமுறை அடித்து மூடுங்கள். ரப்பர் விரிப்பில் ரைஃபிள் கட்டையின் அடியைத் தட்டியும் பாருங்கள். ஒரு தடவை ஸ்ட்ரைக்கர் தானாக விழுந்தாலும் வாங்காதீர்கள். ட்ரிகரை இழுத்துப் பார்ப்பதானால் டம்மி தோட்டா போட்டு இழுங்கள். வெறும் சேம்பரில் பின் அதன் விளிம்பை அடித்துக் கெடுத்துவிடலாம்.

தேய்த்த சியரும் நறுக்கிய ஸ்பிரிங்கும் என்னிடம்தான் இருக்கின்றன. பாளையங்கோட்டைக்கு வருபவர்கள் கேட்டால் காட்டுகிறேன்.